கொதிப்பிலிருந்து பெட்டகம்வரை: தமிழகத்தில் உயர் இரத்த அழுத்த மருந்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

உயர் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆனால் தமிழகத்தில் இம்மருந்துகளின் சிக்கல் கண்டுபிடிப்பு சார்ந்ததன்று. நோயாளியின் கைக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை தவறாமல் சென்று சேர்வதைச் சார்ந்தது. சர்ப்பகந்தாவின் வேர் மருந்தாக அறிவியலுலகில் ஏற்பு பெற்றதிலிருந்து, 2021-இல் வீட்டு வாசலுக்கு மருந்துப் பெட்டகம் வரத் தொடங்கியதுவரையிலான காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியைக் களமாகக் கொண்டு, மருந்து இருந்தும் நோய் கட்டுக்குள் வராமைக்கான வரலாற்றுக் காரணங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கொதிப்பு, சர்ப்பகந்தா, ரெசர்பின், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மக்களைத் தேடி மருத்துவம், கருணாபுரம், கல்வராயன் மலை

முன்னுரை

கள்ளக்குறிச்சி நகரை ஒட்டிய கருணாபுரம் 2024 ஜூன் மாதத்தில் நாடறிந்த பெயராயிற்று. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகள் நோயாளிகளால் நிறைந்தன. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, இழப்பீடு அறிவிக்கப்பட்டது, வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. ஒரே வாரத்தில், ஒரே காரணத்தால், ஒரே தெருவில் நிகழ்ந்த சாவுகள் என்பதால் அவை அனைவர் கண்ணிலும் பட்டன.

அத்தெருவிலும் தமிழகத்தின் பிற தெருக்களிலும் வேறொரு சாவு ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருக்கிறது. பக்கவாதத்தால் ஒருவர் விழுகிறார்; மாரடைப்பால் ஒருவர் உறக்கத்திலேயே இறக்கிறார்; சிறுநீரகம் செயலிழந்து ஒருவர் இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைகிறார். இவற்றில் பலவற்றின் பின்னால் பல்லாண்டுகளாகக் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இச்சாவுகளுக்கு ஆணையம் இல்லை. இவை ஆண்டு முழுவதும், ஊர் முழுவதும் சிதறிக் கிடப்பதால் நிகழ்வாக எண்ணப்படுவதில்லை. இவ்விரண்டும் முற்றிலும் தொடர்பற்றவையும் அல்ல. மிகுதியான மது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளும் வழக்கத்தையும் குலைக்கும்.

இந்நோய்க்குப் பயனுள்ள மருந்துகள் 1950-களிலேயே கிடைத்துவிட்டன. இன்று அவை மிக மலிவானவை. அவ்வாறாயின், நோய் கட்டுக்குள் வராதது ஏன்? இக்கட்டுரையின் வினா இதுவே.

சொல்லும் பொருளும்

இந்நோயைக் குறிக்கத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. பேச்சுவழக்கிலும் இதழ்களிலும் 'இரத்தக்கொதிப்பு' என்பர். மருத்துவ நூல்களும் அரசு ஆவணங்களும் 'உயர் இரத்த அழுத்தம்' என்பன. அன்றாடப் பேச்சில் 'பிரஷர்' என்ற சொல்லே நிலைத்துவிட்டது. 'பிரஷர் மாத்திரை' என்று கேட்டு வாங்காத மருந்துக்கடை தமிழகத்தில் இல்லை எனலாம்.

இம்மூன்றும் ஒரே பொருளைத் தருவன அல்ல. கொதிப்பு என்பது உணரத்தக்கது, எழுவது, தணிவது. சினம், வெயில், உணவு ஆகியவற்றால் உடல் சூடேறும் என்னும் நெடுங்கால உடலறிவின் வழிவந்த கருத்து அது. கொதிப்பு தணிந்தால் மருந்துக்கு வேலையில்லை. அழுத்தம் என்பதோ கருவியால் மட்டுமே அறியப்படும் ஓர் எண். அது உயர்ந்திருக்கும்போது பெரும்பாலோர்க்கு எவ்வகைத் துன்பமும் தோன்றுவதில்லை. தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளி அறியாமையால் அவ்வாறு செய்கிறார் என்று கூறுவது எளிது. ஆனால் அவர் கொதிப்பு என்ற சொல்லின் தருக்கத்தைச் சரியாகவே பின்பற்றுகிறார். நோயில்லாததுபோல் தோன்றும் உடலுக்கு வாழ்நாள் முழுவதும் மருந்து என்பது அச்சொல்லுக்குள் அடங்காத கருத்து. 'தொடங்கினால் நிறுத்தவே முடியாது' என்று மாத்திரைக்கு அஞ்சும் மனநிலையும் இவ்விடைவெளியில் பிறப்பதே.

அளவுகோல் முன்னே, மருந்து பின்னே

கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் வெளியிட்டார். காதொலிமானியால் ஒலி கேட்டு மேலெண், கீழெண் இரண்டையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் தந்தார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மருத்துவரால் அளக்க முடிந்தது, குறைக்க முடியவில்லை. உறுப்புகளுக்குக் குருதி சென்று சேர உயர்ந்த அழுத்தம் தேவை என்றும் அதில் தலையிடுதல் கூடாது என்றும் கருதிய மருத்துவர்கள் பலர் இருந்தனர்.

இக்கையறுநிலைக்குப் பெயர்பெற்ற சான்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட். உலகின் தலைசிறந்த மருத்துவ வசதி அவருக்குக் கிட்டியது. ஆயினும் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது அவரது இரத்த அழுத்தம் 300/190 எனப் பதிவானது. அக்காலத்தில் உப்பை அறவே நீக்கிய உணவும், நரம்புகளை அறுத்தெடுக்கும் கடுமையான அறுவை மருத்துவமுமே கையிலிருந்த வழிகள். அன்று குடியரசுத் தலைவருக்குக் கிட்டாத மருந்து இன்று கல்வராயன் மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. இம்மாற்றத்தின் தொடக்கத்தில் ஓர் இந்தியச் செடி உள்ளது.

சர்ப்பகந்தாவின் பயணம்

சர்ப்பகந்தா இந்திய மருத்துவ மரபில் பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் உறக்கமின்மைக்கும் பயன்பட்டு வந்த செடி. இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்வது. இதன் அறிவியற் பெயரின் முற்பகுதி பதினாறாம் நூற்றாண்டு செருமானிய மருத்துவரும் தாவரவியலறிஞருமான ரவுவோல்ஃபின் நினைவாக இடப்பட்டது. பிற்பகுதி பாம்பைக் குறிப்பது.

1931 இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஆண்டு. தில்லியில் சலிமுசமான் சித்திக்கியும் ரஃபத் உசேன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு யுனானி மருத்துவர் அக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இவ்வேர் பயன்படுவதை எழுதினர். முன்னவர் மரபு மருத்துவமும் மேலை மருத்துவமும் கற்றவர். பின்னர்க் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோப்ராவும் அவர்தம் குழுவினரும் இதன் அழுத்தம் குறைக்கும் பண்பை ஆய்ந்தனர்.

இச்செய்திகள் இந்திய எல்லையைக் கடக்கப் பதினெட்டு ஆண்டுகளாயின. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகள் ஐம்பதின்மர்க்கு இவ்வேரைத் தந்து கண்ட பயனை 1949-இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதனைப் படித்த பாஸ்டன் நகர மருத்துவர் இராபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளிடம் ஆய்ந்தார். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் முல்லர், சிலிட்லர், பைன் ஆகியோர் 1952-இல் ரெசர்பின் என்னும் கூறைப் பிரித்தெடுத்தனர். அது செர்ப்பாசில் என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் விற்பனையாயிற்று. வகீலுக்கு 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

இப்பயணத்தில் கருதத்தக்கது ஒன்று. 1931-இல் இந்திய இதழில் சொல்லப்பட்டதும் 1949-இல் இலண்டன் இதழில் சொல்லப்பட்டதும் சாரத்தில் ஒன்றே. எங்கே அச்சேறியது என்பதே ஏற்பைத் தீர்மானித்தது. மரபறிவு வேரைத் தந்தது. ஆய்வுக்கூடம் கூறைப் பிரித்தது. காப்பும் விற்பனையும் பிற நாட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றன.

மூன்று மருந்துகள்

சிறுநீர்ப்பெருக்கி வகையைச் சார்ந்த குளோரோதயசைடு 1958-இல் பயன்பாட்டுக்கு வந்தது. உடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் எளிய மாத்திரை அது. எனினும், அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படுமா என்ற வினாவுக்கு விடை 1967-இல்தான் கிடைத்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரைசு தலைமையில் நடந்த ஆய்வில் 143 ஆடவர் சேர்க்கப்பட்டனர். அவர்தம் கீழெண் 115-க்கும் 129-க்கும் இடைப்பட்டிருந்தது. மருந்து பெற்ற 73 பேருள் இருவர்க்கே கடும் கேடுகள் நேர்ந்தன. வெற்று மாத்திரை பெற்ற 70 பேருள் 27 பேர்க்கு நேர்ந்தன. இவ்வளவு தெளிவான வேறுபாடு மருத்துவ ஆய்வில் அரிது. அவ்வாய்வில் பயன்பட்டவை ஐதரோகுளோரோதயசைடு, ரெசர்பின், ஐதரலசின் என்னும் மூன்று மருந்துகள். இம்மூன்றும் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

ரெசர்பினின் பெருமை நீடிக்கவில்லை. மிகுந்த அளவில் தந்தபோது சிலர்க்கு மனச்சோர்வு உண்டானது. 1974-இல் மார்பகப் புற்றுநோயோடு அதனைத் தொடர்புபடுத்தி வெளியான ஆய்வுகள் அச்சத்தை விளைத்தன. பின்வந்த ஆய்வுகள் அத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை; ஆனால் மருத்துவர்கள் அதற்குள் புதிய மருந்துகளுக்கு மாறிவிட்டனர். புரோப்ரனலால், அட்டெனலால், கேப்டோப்ரில், எனாலாப்ரில், அம்லோடிபின் என மருந்துகள் அடுத்தடுத்து வந்தன.

இம்மருந்துகள் இந்தியாவில் மலிவானமைக்குச் சட்டப் பின்புலம் உண்டு. 1970-இல் இயற்றப்பட்டு 1972-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காமல் செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. வேறு செய்முறையால் அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் உருவாக்க இயன்றது. பொருட்காப்புரிமை 2005-இல் மீண்டும் வந்தபோது, இந்நோய்க்குத் தேவையான அடிப்படை மருந்துகள் அனைத்தும் பல நிறுவனங்களின் தயாரிப்பில் மலிந்திருந்தன.

கொள்முதலும் கிடங்கும்

மருந்து மலிவாக இருப்பது வேறு. அரசு மருத்துவமனையில் இருப்பது வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவுபெற்று 1995 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. இன்றியமையா மருந்துகளின் பட்டியல், வணிகப் பெயரின்றி மருந்தின் பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி, மாவட்டக் கிடங்குகள், வெளி ஆய்வகங்களில் தரச்சோதனை, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கேடு ஆகியன அதன் முறைகள். பிற மாநிலங்கள் பின்பற்றிய முன்மாதிரியாகவும் அது விளங்கியது.

தொற்றுநோய்க்கு ஐந்து நாள் மருந்து போதும். அது இரண்டு வாரம் தாமதமாக வந்தாலும் அடுத்த நோயாளிக்குப் பயன்படும். உயர் இரத்த அழுத்தத்திற்கு ஒரே மனிதருக்கு ஆண்டுக்கு 365 மாத்திரைகள் தேவை. ஒரு மாதம் கிடங்கு வெறுமையானால் சங்கிலி அறுந்துவிடும். வாழ்நாள் மருத்துவத்தைப் பொதுத்துறையில் எண்ணிப்பார்க்க முடிந்ததற்கு இக்கிடங்கு முறையே அடித்தளம் என்று கூறலாம். இவ்வரலாற்றில் இதற்கு உரிய இடம் இதுவரை தரப்படவில்லை.

கிராமத்தில் ஒரு சோதனை

சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி, தம்மிடம் வரும் நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ செலவுக்கு எட்டாதது என்பதைக் கண்டவர். நோய் முற்றிய பின் காப்பதைவிட முன்னரே தடுப்பதே ஏழை நாட்டுக்கு இயலும் வழி எனக் கருதினார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாகச் சென்னையை அடுத்த கிராமங்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே 1990-களின் பிற்பகுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்.

அதன் முறை மிக எளியது. பள்ளிக் கல்வி முடித்த உள்ளூர் இளம்பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். சில வினாக்கள் கேட்டனர். இரத்த அழுத்தம் அளந்தனர். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என எளிய வேதிப்பொருள்களால் சோதித்தனர். குறை தென்பட்டோரை மருத்துவர் பார்த்தார். இரத்த அழுத்தத்திற்குத் தரப்பட்டவை ரெசர்பின், ஐதரலசின், ஐதரோகுளோரோதயசைடு. 1967 ஆய்வில் உயிர் காத்தவையாக மெய்ப்பிக்கப்பட்ட அதே மூன்று மருந்துகள். நகரத்து மருந்துச்சீட்டுகளிலிருந்து மறைந்துவிட்ட அவற்றை விலை கருதியே அவர் தேர்ந்தார். மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 27 அமெரிக்க சென்ட் மட்டுமே செலவானது என்று அவர் பன்னாட்டுச் சிறுநீரகவியல் இதழில் எழுதினார். பெரும்பாலோரின் அழுத்தம் 140/90-க்குக் கீழ் வந்தது.

வேராக இந்தியாவிலிருந்து சென்ற மருந்து, உலகம் கைவிட்ட பின் மிக மலிந்த மாத்திரையாகத் தமிழகக் கிராமத்துக்குத் திரும்பியது. வெற்றிக்குக் காரணம் மருந்தின் புதுமையன்று. ஊரறிந்த பெண் ஒருத்தி திரும்பத் திரும்ப வாசலில் வந்து நின்றதே காரணம்.

வாசலுக்கு வந்த பெட்டகம்

உலக வங்கியின் உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிந்து மருந்து தரும் முன்னோடிப் பணி 2007-ஐ ஒட்டித் தொடங்கியது. 2012 முதல் அது படிப்படியாக மாநிலம் முழுதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்க்கெனத் தனிச் செவிலியர் அமர்த்தப்பட்டனர்.

ஆயினும் 2020-இல் மாநில அளவில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு ஒரு கசப்பான உண்மையை வெளிப்படுத்தியது. வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினர்க்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் 7.3 விழுக்காட்டினரிடம் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. மருந்து, கிடங்கு, செவிலியர் அனைத்தும் இருந்தும் பதின்மரில் ஒருவர்கூடப் பயன்பெறவில்லை என்பதே இதன் பொருள். மாதந்தோறும் சுகாதார நிலையம் செல்வது கூலித்தொழிலாளிக்கு ஒரு நாள் வருவாயை இழப்பதாகும். விலையில்லா மாத்திரைக்கும் விலை இருந்தது. அதனைச் செலுத்தியவர் நோயாளி.

கொரோனா ஊரடங்கு இவ்விடைவெளியை மேலும் கூர்மையாக்கியது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மருந்துப் பெட்டகத்துடன் வீட்டுக்கே வந்து அழுத்தம் அளந்து மாத்திரை தருவது இதன் மையம். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து இவர்கள் தேர்வாயினர். மணியின் கிராமங்களில் சில இளம்பெண்கள் செய்த பணி இவ்வாறு மாநிலத்தின் அளவுக்கு விரிந்தது. 2023-24 கணக்கெடுப்பில் கட்டுப்பாட்டு அளவு 17 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

இரு மடங்குக்கும் மேலான உயர்வு இது. ஆனால் நூறு பேரில் எண்பத்து மூவர் இன்னும் கட்டுக்கு வெளியே உள்ளனர் என்பதையும் அவ்வெண்ணே கூறுகிறது.

கருணாபுரமும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் வாழிடம். 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த பகுதி. நில உரிமை, சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியன பிற வட்டாரங்களுக்கு வந்த காலத்தில் இங்கு வரவில்லை. கருணாபுரச் சாவுகளுக்குப் பின், 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. கள்ளச்சாராயத்தை வறுமையோடும் வாய்ப்பின்மையோடும் சேர்த்துப் பார்த்த செயல் அது.

மருந்தின் வரலாற்றையும் இவ்வாறே பார்க்க வேண்டியுள்ளது. வாசலுக்கு மருந்து என்னும் முறை, வாசலில் ஆள் இருப்பதாகக் கருதிக்கொள்கிறது. மலையிலிருந்து வேலை தேடி மாதக்கணக்கில் வெளியூரில் தங்குவோர்க்குப் பெட்டகம் வரும் நாளில் வீடு பூட்டியிருக்கும். சிதறிய குடியிருப்புகளுக்கிடையே நடக்கும் தன்னார்வலர்க்குச் சமவெளித் தன்னார்வலர்க்குள்ள அதே ஊக்கத்தொகை, அதே நேரம். குடிப்பழக்கம் உள்ள நடுவயது ஆண் நோய்க்கணக்கில் மிகுந்த இடர் உடையவர்; மருத்துவப் பணியாளரை மிகக் குறைவாகச் சந்திப்பவரும் அவரே. கருணாபுரத்தில் இறந்தோருள் பெரும்பாலோர் உழைக்கும் ஆண்கள் என்பதை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். நஞ்சு அவர்களைத் தேடிச் சென்றது. மலிந்த விலையில், வேலை முடியும் நேரத்தில், தெருமுனையிலேயே கிடைத்தது. மாத்திரையும் அவ்வாறு சென்று சேர்கிறதா என்பதே வினா.

முடிவுரை

உயர் இரத்த அழுத்த மருந்தின் தமிழக வரலாற்றை மூன்று படிகளாகக் காணலாம். முதற்படியில் சர்ப்பகந்தாவின் வேரிலிருந்து மருந்து பிறந்தது. இரண்டாம் படியில் காப்புரிமைச் சட்டமும் அரசுக் கொள்முதலும் அதனை மலிவாக்கி அருகில் கொணர்ந்தன. மூன்றாம் படியில் பெண்களின் கால்நடை அதனை வாசலுக்குக் கொண்டு சென்றது. ஒவ்வொரு படியிலும் நோயைக் கட்டுப்படுத்தியது மருந்து மட்டுமன்று. அதனைச் சுமந்த ஏற்பாடும் ஆகும்.

இன்னும் கடக்கவேண்டிய படி ஒன்று உள்ளது. கொதிப்பு என்னும் சொல் தரும் பொருளுக்கும் அழுத்தம் என்னும் எண் கேட்கும் ஒழுங்குக்கும் இடையே மொழிவழியாக ஒரு பாலம் தேவை. நலமாக உணரும் நாளிலும் மாத்திரை ஏன் என்பதை நோயாளியின் சொல்லிலேயே விளக்கும் பணி மருத்துவத்துறைக்கு மட்டும் உரியதன்று, தமிழாய்வுக்கும் உரியது. கருணாபுரத்தின் சாவுகள் ஒரே வாரத்தில் எண்ணப்பட்டன. எண்ணப்படாத சாவுகளையும் எண்ணத் தொடங்கும்போதே இவ்வரலாறு நிறைவுபெறும்.